முதல் வாட்டிலேயே முழுக் குரல்

அதிரும் ஒரு சிறு தகட்டுக்கு முன்னால் வரவர விரியும் குழாய் ஒன்றைப் பொருத்தி ஒலி எழுப்பும் கருவிதான் ஹார்ன் ஸ்பீக்கர். திருவிழாவில் தென்னை மரத்தில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. பேச்சு தூரத்துக்குக் கேட்டால் போதும் என்று செய்யப்பட்டது அது. அதனால் அளவில் சிறியது. கீழ்ச்சுருதியிலுள்ள கனத்த ஒலிகளை எழுப்பாது. தாங்கும் வரைக்கும் முடுக்கப்படுவதால் காதைத் துளைக்கும். 1920-களிலிருந்து 1960-கள் வரை திரையரங்குகளுக்காகவும், பிறகு அதே வழியில் வீடுகளுக்காகவும் செய்யப்பட்ட பெரிய ஹார்ன்களின் குணம் வேறு. பல பத்தாண்டுகள் கடந்தும் அவற்றைத் தேடி வாங்கி, பழுது நீக்கி, வரவேற்பறையில் நிறுத்திக் கேட்பவர்கள் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், கொரியா என எங்கும் இருக்கிறார்கள்.

விரியும் குழாய் செய்யும் வேலை

காற்று மிக லேசானது. வெறும் கையை வீசினால் அது விரலிடுக்கில் நழுவிவிடும்; விசிறியை எடுத்தால்தான் அசையும். சாதாரண ஸ்பீக்கரின் காகிதக் கூம்பும் வெறும் கையைப் போலத்தான். அது பெறும் மின்சக்தியில் நூற்றில் ஓரிரு பங்கே ஒலியாகிறது. மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. அதிரும் தகட்டைக் குறுகலான வாய்க்குள் அடைத்தால் காற்று பக்கவாட்டில் நழுவ முடியாது. தகட்டின் மிகச் சிறிய அசைவும் அங்கே அழுத்தமாகத் திரள்கிறது. குழாய் படிப்படியாக விரிய விரிய, அந்த அழுத்தம் பெரும் பரப்பிலுள்ள காற்றின் அசைவாக மாறி அறைக்குள் இறங்குகிறது. நாகஸ்வரத்தின் நுனியில் உள்ள அணசும் இந்த இனத்து வேலையைத்தான் செய்கிறது: சீவாளியில் பிறக்கும் சிறு அதிர்வை வெளிக்காற்றோடு சேர்த்துவைப்பதில் அந்த விரிவுக்குப் பங்கு உண்டு.

விரியும் வேகத்துக்குக் கணக்கு இருக்கிறது. சம தூரத்துக்கு ஒருமுறை உள்பரப்பு இரட்டிக்கும்படி செய்யும் வடிவம் பரவலானது. 500 ஹெர்ட்ஸிலிருந்து மேலே பாட வேண்டிய ஹார்ன் ஏறத்தாழ 4 சென்டிமீட்டருக்கு ஒருமுறை இரட்டிக்கலாம். 50 ஹெர்ட்ஸ் வரை இறங்க வேண்டுமானால் அந்தத் தூரம் 38 சென்டிமீட்டர் ஆகிவிடும். வாயின் சுற்றளவும் அந்த ஒலியின் அலைநீளத்துக்கு ஈடாக இருக்க வேண்டும். 500 ஹெர்ட்ஸுக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம் போதும். 50 ஹெர்ட்ஸுக்கோ 2 மீட்டருக்கு மேல் விட்டம் வேண்டும். அது வாசற்கதவின் உயரம். வீட்டில் ஹார்ன் வைப்பதில் உள்ள சிக்கலின் வேர் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

அரங்கிலிருந்து வீட்டுக்கு

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதமும் சேர்ந்து உருவாக்கிய ஹார்ன், 1915 டிசம்பர் 24 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் திரண்ட கூட்டத்துக்கு இசையையும் பேச்சையும் கொண்டுசேர்த்தது. கருவிக்கு அவர்கள் வைத்த பெயர் மேக்னவாக்ஸ். லத்தீனில் 'பெருங்குரல்' என்று பொருள்.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர்கள் பெல் ஆய்வுக்கூடத்தின் இ. சி. வென்டேயும் ஏ. எல். துராஸும். அவர்கள் வடிவமைத்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 555, பேசும் படங்களின் தொடக்கக் காலத்தில் அரங்குகளுக்குக் குரல் கொடுத்தது. மெல்லிய உலோகத் தகட்டுக்கு எதிரே ஒரு சிறு அடைப்பானை வைத்து, தகட்டின் எல்லாப் பகுதியிலிருந்தும் வரும் ஒலி ஒரே நேரத்தில் ஹார்னின் கழுத்தை அடையும்படி செய்தது அவர்களுடைய சாதனை. இவ்வகை இயக்கியின் பெயர் கம்ப்ரெஷன் டிரைவர். மைக்செட் கடைகளில் 'யூனிட்' என்று கேட்டால் தருவது இதன் எளிய வடிவத்தைத்தான். அன்றைய ஆம்ப்ளிஃபயர்கள் சில வாட் சக்தியே தந்தன. ஆயிரம் பேர் அமர்ந்த அரங்கை அந்தச் சொற்ப சக்தியால் நிரப்ப ஹார்னைத் தவிர வேறு வழி இல்லை.

1930-களின் நடுவில் எம்.ஜி.எம். ஸ்டூடியோவின் ஒலித்துறைத் தலைவர் டக்ளஸ் ஷியரர், ஜான் ஹில்லியார்ட், ஜேம்ஸ் பி. லான்சிங் முதலியோர் சேர்ந்து, கனத்த ஒலிக்கு ஒன்று, மேல் ஒலிக்கு ஒன்று என இரண்டு ஹார்ன்கள் கொண்ட ஷியரர் ஹார்னை உருவாக்கினார்கள். அதற்கு ஆஸ்கர் வழங்கும் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. முந்தைய அமைப்புகளில் டாப் நடனக் காட்சி ஒன்றைப் போட்டுக் கேட்டபோது, காலணி ஒரு தட்டு தட்டினால் காதில் இரண்டு தட்டு விழுந்தது. கனத்த ஒலி மடிந்து மடிந்து நீண்ட பாதையில் வந்ததால், மேல் ஒலி முந்திக்கொண்டதே காரணம். இரண்டு பாதைகளின் நீளத்தையும் நெருக்கமாக வைக்க வேண்டும் என்ற பாடம் அப்போது கிடைத்தது. வீட்டில் ஹார்னை நிறுத்துபவருக்கு இன்றும் அது முதல் பாடம்.

1945-இல் ஆல்டெக் லான்சிங் நிறுவனம் 'வாய்ஸ் ஆஃப் த தியேட்டர்' வரிசையைக் கொண்டுவந்தது. உலகெங்கும் திரைக்குப் பின்னால் நின்றவை இவையும் இவற்றைப் போன்றவையும்தான். லான்சிங் 1946-இல் அங்கிருந்து விலகித் தொடங்கிய நிறுவனமே பிற்பாடு ஜே.பி.எல். எனப் புகழ்பெற்றது. அதே 1946-இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஹோப் என்ற சிற்றூரில் பால் கிளிப்ஷ் வீட்டுக்கென்றே ஒரு ஹார்னைச் செய்து விற்கத் தொடங்கினார். கனத்த ஒலிக்குத் தேவையான பெரும் வாயை மரத்தில் செய்யாமல், அறையின் மூலையில் கூடும் இரண்டு சுவர்களையும் தரையையும் ஹார்னின் நீட்சியாக்கிக்கொண்டது அவருடைய கிளிப்ஷ்ஹார்ன். அது இன்றும் தயாரிப்பில் இருக்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது

வீட்டுக்கான தேர்வை அறைதான் செய்கிறது. பெரிய கூடம் இருந்தால் ஆல்டெக் ஏ-7 பொருந்தும். திரையரங்கு வரிசையில் இது சிறியது. ஆனாலும் 42 அங்குல உயரமும் 30 அங்குல அகலமும் கொண்ட பெட்டி, அதன் தலைமேல் ஒரு உலோக ஹார்ன், ஒவ்வொன்றும் 60 கிலோவுக்கு மேல் எடை. பெட்டிக்குள் இருக்கும் 15 அங்குல ஸ்பீக்கரின் முன்பக்கம் ஒரு குட்டையான மர ஹார்ன். மிகக் கனத்த ஒலிகளைக் கீழேயுள்ள துளை கவனித்துக்கொள்கிறது. மேல் ஒலிகள் 500 அல்லது 800 ஹெர்ட்ஸிலிருந்து உலோக ஹார்னுக்குப் போகின்றன.

இதே உறுப்புகளை அலமாரி போன்ற பெட்டிக்குள் அடக்கி வீட்டுக்காக வந்தது ஆல்டெக் வலென்சியா. இன்னும் சிறிய அறைக்கு, பிரிட்டனின் டானாய் நிறுவனம் 1947-இல் அறிமுகப்படுத்திய டூயல் கான்சென்ட்ரிக் வகை ஏற்றது. அதில் மேல் ஒலிக்கான ஹார்ன் பெரிய கூம்பின் நடுவிலேயே திறப்பதால், அருகில் உட்கார்ந்து கேட்டாலும் ஒலி ஒரே இடத்திலிருந்து வருகிறது. கதவோ ஜன்னலோ குறுக்கிடாத இரண்டு நல்ல மூலைகள் உள்ளவர்களுக்குக் கிளிப்ஷ்ஹார்ன். அமெரிக்க வீடுகளின் மரச்சட்டச் சுவர்கள் கனத்த ஒலியில் ஓரளவு அதிர்ந்து கொடுக்கும். செங்கல் சுவர் அப்படி இளகாது. ஆகவே தமிழ்நாட்டு வீட்டின் மூலை இந்த ஸ்பீக்கருக்கு நல்ல துணை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பழைய கருவியில் முதலில் பார்க்க வேண்டியது பெரிய கூம்பு. விரல்களைப் பரவலாக வைத்து மெதுவாக, நேராக உள்ளே அழுத்தினால் சத்தமின்றிப் போய்வர வேண்டும். உரசல் கேட்டால் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் இடம் மாறியிருக்கிறது என்று பொருள். 1970-களுக்குப் பிந்தைய பல ஸ்பீக்கர்களின் ஓரத்தில் உள்ள நுரை வளையம் உதிர்ந்துவிடும். ஆல்டெக் திரையரங்கு ஸ்பீக்கர்களின் ஓரம் அப்படி உதிராத வகை. அவை இவ்வளவு காலம் நிலைத்ததற்கு அது ஒரு காரணம்.

கம்ப்ரெஷன் டிரைவரில் பார்க்க வேண்டியது தகடு. இரண்டு டிரைவர்களும் ஒரே தகட்டைக் கொண்டிருக்கின்றனவா, ஒன்றில் மட்டும் பிற்காலத்து மாற்றுத் தகடு இருக்கிறதா என்பது முக்கியம். தகடுகள் வேறுபட்டால் இடமும் வலமும் இரு குரலில் பேசும். அல்னிகோ காந்தம் காலப்போக்கிலோ அடிபட்டோ வலுவிழந்திருக்கலாம். மீண்டும் காந்தமேற்றினால் சரியாகும். மிகப் பழைய டிரைவர்களில் நிலைக்காந்தத்துக்குப் பதில் மின்காந்தம் இருக்கும். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 555-க்கு 7 வோல்ட் நேர்மின்சாரம் தனியாகக் கொடுக்க வேண்டும். அந்த மின்வழங்கி சுத்தமாக இல்லாவிட்டால் ஹார்ன் ரீங்கரிக்கும்.

வார்ப்பு அலுமினிய ஹார்னை விரல் முட்டியால் தட்டினால் மணி போல ஒலிக்கும். பாட்டின் உரத்த இடங்களிலும் அந்த மணி கேட்கும். ஹார்னின் வெளிப்பக்கத்தில் ரப்பர் பட்டையோ, காரின் அடிப்பாகத்தில் பூசும் தாரோ பூசினால் தட்டும்போது 'டொக்' என்று அடங்கிவிடும். செலவு குறைந்த, பலன் நிறைந்த சீரமைப்பு இது.

கனத்த ஒலியையும் மேல் ஒலியையும் பிரித்து அனுப்பும் பழைய கிராஸ்ஓவர் பெட்டியிலுள்ள கெபாசிட்டர்களின் அளவு பல ஆண்டுகளில் மாறியிருக்கும். அளந்து பார்த்து, தவறியதை மட்டும் மாற்றினால் போதும். அந்தப் பெட்டியில் கரகரக்கும் ஒலியளவுக் குமிழை இருபது முப்பது முறை இருபுறமும் திருகினால் பெரும்பாலும் சுத்தமாகும்.

அறையும் இடமும்

ஏ-7 போன்றவற்றில் கனத்த ஒலி ஓரிடத்திலிருந்தும் மேல் ஒலி அதற்கு இரண்டடி மேலிருந்தும் வருகின்றன. மிக அருகில் உட்கார்ந்தால் பாடகரின் நெஞ்சு ஒரு இடத்திலும் தொண்டை வேறு இடத்திலும் இருப்பதுபோலத் தோன்றும். குறைந்தது 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் இரண்டும் ஒன்றாகும். ஹார்னின் வீச்சு பக்கவாட்டில் அகலம், மேல் கீழாகக் குறுகல். ஆகவே ஹார்னின் நடுவும் உட்கார்ந்தவரின் காதும் ஒரே மட்டத்துக்கு வர வேண்டும். இல்லையெனில் ஹார்னைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும்.

இந்தக் குறுகிய வீச்சு ஒரு நன்மையும் தருகிறது. சாதாரண ஸ்பீக்கரின் ஒலி கூரையிலும் தரையிலும் பட்டுத் திரும்பி, நேரே வரும் ஒலியோடு கலந்து குழம்பும். ஹார்னின் ஒலியில் நேரே வரும் பங்கு அதிகம். இருந்தாலும் டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் கை தட்டினால் 'ட்ரிங்' என்ற எதிரொலி வரும். அது இருக்கும் வரை எந்த ஸ்பீக்கரும் நன்றாகப் பாடாது. ஸ்பீக்கருக்கும் இருக்கைக்கும் நடுவே கனமான ஜமக்காளம், பக்கச் சுவரில் புத்தக அலமாரி, ஜன்னலில் தடித்த திரை, இவை போதும்.

இரு ஸ்பீக்கர்களையும் உட்புறமாகத் திருப்பி, அவற்றின் பார்வை கேட்பவருக்குச் சற்று முன்னால் சந்திக்கும்படி வைப்பது பலருக்கும் ஒத்துவரும் ஏற்பாடு. அப்போது சோபாவின் ஓரத்தில் இருப்பவருக்கும் எதிர்ப்பக்க ஹார்ன் நேராகப் பார்ப்பதால், இருபுறச் சமநிலை அதிகம் கெடாது. மூலை ஹார்னில் ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் இடையே இடைவெளி இருந்தால் கனத்த ஒலி அங்கே கசிந்துவிடும். பழைய கிளிப்ஷ்ஹார்னின் பின்னோரங்களில் நுரைப்பட்டை ஒட்டி அடைப்பது வழக்கம்.

ஆம்ப்ளிஃபயர்: முதல் வாட்டின் கதை

வீட்டில் வழக்கமாக இருக்கும் சிறிய ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 85 முதல் 88 டெசிபல் ஒலி தரும். ஏ-7 போன்றவை 100 டெசிபலை ஒட்டித் தரும். 15 டெசிபல் வித்தியாசம் என்றால் சக்தியில் முப்பது மடங்கு. மற்ற ஸ்பீக்கருக்கு 30 வாட் தேவைப்படும் இடத்தில் இதற்கு ஒரு வாட் போதும். வீட்டில் கேட்கும் நேரத்தில் பெரும்பகுதி ஒரு வாட்டுக்கும் கீழேதான் கழிகிறது.

எனவே இங்கே சக்தியைக் காட்டிலும், அந்த முதல் வாட் எவ்வளவு தூய்மையானது என்பதே கேள்வி. ஒற்றை 300பி வால்வு தரும் 8 வாட், 2ஏ3 தரும் மூன்றரை வாட் போன்ற எளிய வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் ஹார்னோடு இணைபிரியாமல் போனதன் காரணம் இதுவே. அமைதியான நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரும் ஏற்றதுதான்.

அந்த அமைதியை அழுத்திச் சொல்ல வேண்டும். மற்ற ஸ்பீக்கர்களில் காதுக்கே எட்டாத 'உம்' என்ற முனகலும் 'ஸ்' என்ற இரைச்சலும் ஹார்னில் அறை முழுக்கக் கேட்கும். எல்லாக் கருவிகளையும் ஒரே இடத்தில் எர்த் செய்வது, சிக்னல் வயரை மின்வயரிலிருந்து தள்ளி வைப்பது, இசைத்தட்டுச் சுழலியை டிரான்ஸ்ஃபார்மருக்கு அருகில் வைக்காமலிருப்பது ஆகியவை உதவும். ஆம்ப்ளிஃபயரின் பெருக்கம் அதிகமாக இருந்தால் வால்யூம் குமிழ் தொடக்கத்திலேயே நின்றுவிடும். அந்தப் பகுதியில் பல குமிழ்களில் இடமும் வலமும் ஒத்துப்போவதில்லை. பெருக்கம் குறைந்த கருவியைத் தேர்ந்தால் இரண்டு தொல்லைகளும் ஒன்றாகத் தீரும்.

பழைய ஹார்ன்களில் பல 16 ஓம் அளவுள்ளவை. வால்வு ஆம்ப்ளிஃபயரில் 16 ஓம் முனை இருந்தால் அதில் இணைக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய ஆம்ப்ளிஃபயர் 117 வோல்ட்டுக்கும் 60 ஹெர்ட்ஸுக்கும் செய்யப்பட்டது. நம் 230 வோல்ட்டை இறக்கித் தரும் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. 50 ஹெர்ட்ஸில் உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதிகம் சூடாகிறதா என்றும் முதல் சில நாட்கள் தொட்டுப் பார்க்க வேண்டும்.

சேர்ப்பதும் சமன்செய்வதும்

இணைத்தவுடன் துருவம் சரிபார்க்க வேண்டும். 1.5 வோல்ட் பேட்டரியைப் பெரிய ஸ்பீக்கரின் முனைகளில் ஒரு கணம் தொட்டால் கூம்பு முன்னாலோ பின்னாலோ அசையும். இரு பக்கமும் ஒரே திசையில் அசைய வேண்டும். பழைய ஜே.பி.எல். ஸ்பீக்கர்களில் சிவப்பு முனைக்கு நேர்மின் கொடுத்தால் கூம்பு பின்னால் போகும். மற்றவற்றோடு கலந்து வைக்கும்போது இது நினைவிருக்க வேண்டும். கம்ப்ரெஷன் டிரைவரில் பேட்டரி சோதனை கூடாது, தகடு தாங்காது. கிராஸ்ஓவர் பெட்டி இல்லாமல் தனி ஆம்ப்ளிஃபயர் வைத்து அதை ஓட்டுபவர்கள், ஆம்ப்ளிஃபயரைப் போடும்போது எழும் 'தொப்' என்ற அடியிலிருந்து தகட்டைக் காக்க, தொடரில் ஒரு கெபாசிட்டரைச் சேர்க்க வேண்டும். 500 ஹெர்ட்ஸில் பிரிக்கும் 16 ஓம் டிரைவருக்கு 40 மைக்ரோஃபாரட் அளவு பொருந்தும்.

அடுத்தது ஷியரர் ஹார்ன் கற்றுத்தந்த பாடம். ஒலி ஒரு மில்லிவினாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் பயணம் செய்கிறது. பெட்டியின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் உலோக ஹார்னைச் சிறிது சிறிதாகப் பின்னால் தள்ளி, அதன் தகடு கீழேயுள்ள பெரிய ஸ்பீக்கரின் கம்பிச்சுருளுக்கு ஏறத்தாழ நேர்மேலே வரும்படி வைக்கலாம். மிருதங்கத்தின் ஒரு தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டால், சரியான இடத்தில் அந்த அடி திரண்டு ஒன்றாக விழுவது தெரியும்.

கடைசியில் ஒலியளவு. ஹார்ன் பெரிய ஸ்பீக்கரைவிட உரத்தது. கிராஸ்ஓவரில் உள்ள குமிழால் அதைக் குறைக்க வேண்டும். இதற்கு மனிதக் குரலே உரைகல். மோனோவில் பதிவான ஒரு ஆண் குரலைப் போட்டால் அது இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, ஒரே ஆளாக நிற்க வேண்டும். பரவித் திரிந்தால் ஒரு பக்கத்தின் துருவம் மாறியிருக்கிறது. 'ச', 'ஸ' எழுத்துகள் சீறினால் ஹார்ன் கூடுதல். சொற்கள் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கினால் குறைவு. குமிழை ஒரு நாளில் சிறிதளவே திருப்பி, சில நாள் கேட்டு, மறுபடி திருப்புவது நல்லது. காது பழகியபின் எடுக்கும் முடிவே நிலைக்கும்.

கேட்பதன் சுகம்

சரியாக அமைந்த ஹார்னின் தனித்தன்மை குறைந்த ஒலியளவில்தான் முதலில் தெரியும். அக்கம்பக்கத்தார் தூங்கும் நேரத்தில் மெல்ல வைத்துக் கேட்டாலும் பாடுபவரின் மூச்சும், வில் தந்தியைத் தொடும் கணமும், தவில் தோலின் அதிர்வும் உயிரோடு இருக்கும். உரத்த இடம் வரும்போது ஸ்பீக்கர் திணறுவதில்லை. தகடு மிகச் சிறிதே அசைவதால் சிதைவும் குறைவு.

ட்ரம்பெட், சாக்ஸஃபோன், நாகஸ்வரம் போன்ற காற்றுக் கருவிகளும் மனிதக் குரலும் ஹார்னுக்கு இயல்பாகவே ஒத்தவை. 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் போட்டியிடும் பாட்டு இதற்கு நல்ல சோதனை. இரண்டும் ஒரே சுரத்தில் நெருங்கும்போதும் இரண்டு உயிர்களாகத் தனித்துக் கேட்க வேண்டும்.

குறைகளும் உண்டு. ஏ-7-இன் கனத்த ஒலி 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே தளர்ந்துவிடும். பழைய டிரைவர்கள் மிக உயர்ந்த ஒலிகளில் இறங்கிவிடுவதால் சிலர் தனியாக ட்வீட்டர் சேர்க்கிறார்கள். மோசமாக அமைத்த ஹார்ன், கையைக் குவித்து வாயருகே வைத்துப் பேசுவதுபோல ஒலிக்கும். அந்தக் குணம் பெரும்பாலும் ஹார்னின் ஒலியளவு கூடுதலாக இருப்பதாலும், அதிரும் உலோகத்தாலும், ஹார்னின் எல்லைக்கும் கீழான ஒலியை அதற்குக் கொடுப்பதாலும் வருவது. மூன்றும் திருத்தக்கூடியவை.

இந்த ரசனையை ஒரு பொதுப் பழக்கமாக வளர்த்த பெருமை கிழக்காசியாவுக்கு உண்டு. டோக்கியோவின் ஷிபுயாவில் 1926-இல் தொடங்கிய 'லயன்' இசைக் காப்பிக்கடையில் பேசாமல் உட்கார்ந்து பெரும் ஸ்பீக்கர்களில் மேற்கத்திய செவ்வியல் இசை கேட்பதே வழக்கம். வடக்கே இச்சினோசெகி நகரில் 1970-இல் தொடங்கிய 'பேஸி' என்ற ஜாஸ் கடை, அதன் ஜே.பி.எல். அமைப்புக்காகவே ஆட்களைத் தொலைவிலிருந்து வரவழைத்தது. தென்கொரியாவின் பாஜு நகரிலுள்ள 'கமெராட்டா' இசைக்கூடத்தில் அந்தக்கால வெஸ்டர்ன் எலக்ட்ரிக், கிளாங்ஃபில்ம் ஹார்ன்கள் இன்றும் பாடுகின்றன.

அமைத்தபின் பராமரிப்பு அதிகமில்லை. கடலோர ஊர்களில் ஈரக்காற்று முனைகளைத் துருப்பிடிக்கவைக்கும், காகிதக் கூம்பில் பூஞ்சணம் படியவைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை முனைகளைத் துடைத்து இறுக்கி, பெட்டியின் பின்பக்கத்தில் கரையான் இல்லையா என்று பார்த்தால் போதும். பெட்டியைச் சுவரை ஒட்டாமல் ஓர் அங்குலமாவது தள்ளி, கால்வைத்து நிறுத்துவது நல்லது. மூலைக்கென்றே செய்த ஹார்ன்களுக்கு மட்டும் இதில் விலக்கு. தகட்டையும் கம்பிச்சுருளையும் காரணமின்றித் திறக்கக் கூடாது. அரங்கில் நாளுக்கு மூன்று காட்சி உழைக்கச் செய்யப்பட்ட கருவிக்கு வீட்டின் முதல் வாட் மிக லேசான சுமை. அந்தச் சுமையில் அது இன்னொரு தலைமுறைக்கும் பாடும்.